நெடுநாள் கவுன்சிலரைப் பற்றி எழுதும்போது செய்யக்கூடாத தவறுகள்

பல முறை ஜெயித்த ஒரு சென்னை கவுன்சிலரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது வருடக் கணக்கில்தான். "நாற்பது வருஷமாகக் கவுன்சிலர்" என்று யாராவது சொன்னால் அப்படியே எழுதிவிடுகிறோம். 1973-ல் கலைக்கப்பட்ட மாநகராட்சி மன்றத்துக்கு அடுத்த தேர்தல் 1996-ல்தான் நடந்தது. நடுவில் 23 வருடம் சென்னையில் கவுன்சிலர் என்று ஒருவருமே கிடையாது, தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 தேர்தல் வரையும் அதே நிலைமைதான். அந்தக் காலத்தில் பதவி இல்லாமலே ஒருவர் குழாயடிச் சண்டையைத் தீர்த்து வைத்திருக்கலாம், யாருடைய ரேஷன் கார்டுக்காகவோ அலைந்திருக்கலாம். அதைத் தனியாக எழுதுங்கள். பதவிக் கணக்கில் சேர்த்துவிட்டால் அந்த உழைப்புதான் காணாமல் போகும்.

வார்டு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 2011-ல் அம்பத்தூர், ஆலந்தூர் எல்லாம் உள்ளே வந்து 155 வார்டு 200 ஆனது. தெருப் பெயரையும் சேர்த்து எழுதினால் குழப்பம் வராது.

அப்புறம், திறப்பு விழாக் கல்வெட்டைப் பார்த்துப் பெருமையைப் பங்கு போடுவது. பூங்கா வாசலில் இருக்கும் கல்லில் திறந்து வைத்தவர் பெயர் பெரிதாக இருக்கும். அந்த இடத்துக்காக முதலில் மன்றத்தில் குரல் கொடுத்தவர் பெயர் அதில் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பூண்டி நீர்த்தேக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1939-ல் மேயரான சத்தியமூர்த்தி சென்னையின் குடிநீருக்காக அதற்குப் பாடுபட்டார். அப்போது மேயர் பதவி ஒரே வருடம்தான். 1944-ல் வேலை முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை, முந்தைய வருடமே இறந்துவிட்டார். திறந்த தேதியை மட்டும் பார்த்து எழுதினால் அவருக்கு அதில் இடமே இருக்காது. நல்லவேளை, நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். எல்லாக் கவுன்சிலருக்கும் அது வாய்க்காது. அதனால் பழைய மன்றத் தீர்மானங்களைத் தேடிப் படியுங்கள்.

குடிநீரும் கழிவுநீரும் 1978-லிருந்து தனி வாரியத்திடம் இருக்கின்றன. தெருவில் சாக்கடை பொங்கினால் கவுன்சிலர் வாரிய அலுவலகத்தில் போய் நின்று கேட்கலாம், அங்கே உத்தரவு போட முடியாது. இது தெரியாமல் புகழ்ந்தாலும் தப்பு, திட்டினாலும் தப்பு.

இவை எல்லாவற்றையும் விட என்னை வருத்துகிற தவறு ஒன்று உண்டு. வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் மனைவி நிற்பார், ஜெயிப்பார். ஆனால் நாம் எழுதும்போது அந்த ஐந்து வருடமும் கணவரின் கணக்கில் போய்விடும். "அவர்தான் எல்லாம் பார்த்துக்கொண்டார்" என்று நாலு பேர் சொல்லலாம். சரி, அதையும் விசாரியுங்கள். ஆனால் ஓட்டு விழுந்தது அந்தப் பெண்ணுக்கு, ரிப்பன் மாளிகையில் உறுதிமொழி எடுத்தவரும் அவரே. 2022 தேர்தலில் பாதி வார்டுகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு இப்படிப்பட்ட பெண்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். பேட்டிக்குப் போனால் பக்கத்து நாற்காலியிலிருந்து கணவர் பதில் சொல்லத் தொடங்குவார். கொஞ்சம் பொறுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அதே கேள்வியை அந்த அம்மாவைப் பார்த்து இன்னொரு முறை கேளுங்கள்.