பெண் பங்களிப்பாளர்களை அறிமுகப்படுத்தும்போது செய்யக்கூடாத தவறுகள்

பிப்ரவரி கடைசியில் பாளையங்கோட்டையில் சில கல்லூரி மாணவர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். தமிழ் விக்கிப்பீடியாவிலும், பழைய நூல்களை இணையத்தில் எழுத்தாக்கி வைக்கும் விக்கிமூலத்திலும் உழைக்கும் நெல்லைச் சீமைப் பெண்கள் ஏழு பேரைப் பற்றி, மார்ச் 8-ஐ ஒட்டி வெளியிடச் சிறு அறிமுகங்கள் எழுதியிருந்தார்கள். நல்ல மனதோடு செய்த வேலை. வாசித்துப் பார்த்தேன். ஏழில் ஐந்தில் "குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவிலும்" என்று இருந்தது. மூன்றில் கணவர் வந்தார், ஒன்றில் மாமியாரும் வந்தார். அந்தப் பெண் செய்த வேலை என்ன என்பது எல்லாவற்றிலும் கடைசி வரியில்தான்.

இதையே நானும் எழுதியிருக்கிறேன். கொச்சையாக எழுதக்கூடாது, தோற்றத்தை வர்ணிக்கக்கூடாது என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டே செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

கணவரின் ஊக்கத்தால்

சில வருஷங்களுக்கு முன், விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்க்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பற்றி எழுதினேன். டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். பழைய நூல்களின் ஸ்கேன் படங்களை எழுத்துணரி என்ற மென்பொருள் வாசித்து எழுத்தாக்கித் தரும். அதில் பிழை மலிந்திருக்கும். ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் அந்தப் பக்கம் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். இன்னொருவர் மறுபடி பார்த்து உறுதி செய்தால்தான் பச்சை.

டீச்சர் பக்கங்களைத் திருத்தியதோடு நிற்கவில்லை. எழுத்துணரி எங்கே எப்படித் தடுமாறுகிறது என்று ஒரு நீள நோட்டில் கோடு போட்டுக் குறித்து வைத்திருந்தார். இடப்பக்கம் இயந்திரம் வாசித்தது, வலப்பக்கம் சரியான சொல். 'க' என்பதைச் 'சு' என்று வாசித்தால் 'நூல்கள்' 'நூல்சுள்' ஆகிவிடும். துணைக்கால் 'ர' ஆனால் 'காலம்' 'கரலம்' ஆகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை எல்லாம் துதிக்கை போட்ட எழுத்தாக இருக்கும். அவை வரும் இடத்தில் இயந்திரம் என்னென்னவாக வாசிக்கும் என்பதற்கே தனியாக ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்.

நான் எழுதிய அறிமுகம் இப்படித் தொடங்கியது: "இல்லத்தரசியாகவும் அன்பான பாட்டியாகவும் விளங்கும் இவர், கணவரின் ஊக்கத்தால், குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவிலும் தமிழ்த்தொண்டு ஆற்றி வருகிறார்." நோட்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அவர் அதை மேசையில் விரித்து எனக்குக் காட்டியிருந்தார். அப்படியும் எழுதவில்லை.

மறுநாள் போன் வந்தது. "தம்பி, எங்க வீட்டுக்காரவுக இதுவரைக்கும் ஒரு பக்கம்கூடத் திறந்து பாத்ததில்ல. அவுக ஊக்கம்னு உனக்கு யாரு சொன்னா?" யாரும் சொல்லவில்லை. அப்படி எழுதுவதுதான் பண்பு என்று கை பழகியிருந்தது.

அதோடு முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவர் கணவருக்குத்தான் கை கொடுத்தார்களாம். அப்புறம் டீச்சர் பயிலரங்குகளுக்கு வரவில்லை. கூப்பிட்டால், "முடிஞ்சா வாரேன்" என்பார். இரண்டு வருஷம் கழித்து வேறொரு குழு, எழுத்துணரியின் அதே பிழைகளை முதலிலிருந்து தொகுக்க ஆரம்பித்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அப்படி ஒரு பட்டியல் ஏற்கெனவே ஒரு வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அறிமுகம் எழுதிய நான்தானே சொல்லியிருக்க வேண்டும். இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை இது. செயற்கைக்கோள்களை அவற்றின் பாதையில் நிறுத்தி வைக்கும் உந்துவிசைக் கருவியை உருவாக்கிய ராக்கெட் விஞ்ஞானி இவோன் பிரில் 2013 மார்ச்சில் காலமானார். நியூயார்க் டைம்ஸின் இரங்கல் கட்டுரை அவருடைய மாட்டிறைச்சிக் குழம்பின் ருசியில் தொடங்கி, கணவர் வேலை மாறிய இடமெல்லாம் அவர் பின்னால் போனதைச் சொன்னது. கண்டனம் எழுந்ததும் குழம்பை எடுத்துவிட்டு முதல் வரியை மாற்றினார்கள். அதே ஆண்டு அமெரிக்க அறிவியல் எழுத்தாளர்கள் நடுவே 'ஃபிங்க்பைனர் சோதனை' என்று ஒன்று பேசப்பட்டது. விஞ்ஞானியைப் பற்றி எழுதும்போது அவர் பெண் என்பதையும், கணவரின் வேலையையும், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் விட்டுவிட்டு எழுத முடிகிறதா என்று பார்ப்பதுதான் அது.

நான் இப்போது செய்வது இன்னும் எளிது. எழுதிய பத்தியில் ஓர் அண்ணாச்சியின் பெயரைப் போட்டு உரக்க வாசிப்பேன். "அன்பான தாத்தாவாகவும் விளங்கும் அண்ணாச்சி, மனைவியின் ஊக்கத்தால், குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவிலும்..." இப்படி எந்த அண்ணாச்சியையும் நாம் அறிமுகப்படுத்தியதில்லை. எந்த வரி வாயில் இடறுகிறதோ அதை அடித்துவிடுவேன். அவரே கணவருக்கு நன்றி சொல்ல விரும்பினால்? தாராளமாகப் போடலாம், அவர் சொன்ன வார்த்தையிலேயே. நாமாக யூகித்து எழுதக்கூடாது.

'உதவினார்'

வினைச்சொல்லைப் பாருங்கள். ஆண்கள் உருவாக்குவார்கள், முன்னெடுப்பார்கள், ஒருங்கிணைப்பார்கள். பெண்கள் உதவுவார்கள், துணை நிற்பார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, எந்தத் தெருவில் யார் மாட்டியிருக்கிறார்கள் என்று போன் போட்டு உறுதி செய்து, பொதுப் பட்டியலை இரவெல்லாம் திருத்திக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பிறகு வந்த நன்றி அறிவிப்பில் அவர் "தகவல் பகிர உதவினார்". பட்டியலின் இணைப்பை நாலு குழுவில் போட்டவர் "ஒருங்கிணைத்தார்".

சிங்கப்பெண், சாதனை மங்கை, ஆணுக்கு நிகர்

வேண்டாம்.

'பெண்' என்ற ஒட்டு

தொகுப்பாளர், நிரலாளர், எழுத்தாளர், கவிஞர் என்று தமிழில் இருபாலுக்கும் பொதுவான சொற்கள் கைவசம் இருக்கின்றன. பெண் நிரலாளர் என்றோ கவிதாயினி என்றோ தனி அறை கட்ட வேண்டியதில்லை. 2013 ஏப்ரலில் ஆங்கில விக்கிப்பீடியாவில், அமெரிக்க நாவலாசிரியர்கள் என்ற பகுப்பிலிருந்து பெண்களை ஒவ்வொருவராக எடுத்து, அமெரிக்கப் பெண் நாவலாசிரியர்கள் என்ற துணைப்பகுப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பொதுப் பகுப்பில் ஆண்கள் அப்படியே இருந்தார்கள். வெளியே தெரிந்ததும் பெரிய சர்ச்சையானது. ஒட்டு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் பெண்கள் குறைவு என்று சொல்ல வேண்டிய இடத்தில் அழுத்திச் சொல்லுங்கள், எண்ணோடு சொல்லுங்கள். 2014 இறுதியில் ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் ஏறத்தாழ 15 சதவீதம்தான் பெண்களைப் பற்றியவை.

'எழுதினாள்'

கல்லூரி முதலாண்டு மாணவியானாலும் 'எழுதினார்'தான்.

நெல்லையின் முதல் பெண்

சரிபார்த்தீர்களா? அவருக்கு முன்னால் ஒருவர் இருந்திருந்தால், அந்த ஒருவரை நீங்கள் இல்லாமல் ஆக்குகிறீர்கள்.

பெயர், ஊர், படம்

இணையத்தில் புனைபெயரில் இயங்கும் பெண்ணுக்கு அதற்கான காரணம் இருக்கும். பாராட்டுகிறோம் என்று சொல்லி உண்மைப் பெயர், வேலை பார்க்கும் இடம், தெரு எல்லாவற்றையும் போட்டுவிட்டால், மறுநாள் முதல் வரும் வேண்டாத செய்திகளை அவர்தான் சமாளிக்க வேண்டும். விக்கிப்பீடியாவையும் விக்கிமூலத்தையும் நடத்தும் விக்கிமீடியாவின் பொது நடத்தை நெறி, வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பங்களிப்பாளரின் தனிப்பட்ட விவரங்களை வெளியிடுவதைத் துன்புறுத்தலின் கீழ்தான் வைத்திருக்கிறது. படத்துக்கும் அதே கதைதான். பயிலரங்கில் எடுத்த குழுப்படத்தில் இருந்து முகத்தை வெட்டி எடுத்துப் போடுவது சம்மதம் ஆகாது. எழுதியதை முழுதாக அவருக்கு அனுப்புங்கள், வாசிக்க இரண்டு நாள் கொடுங்கள், அவர் அடித்த வரியை அடித்துவிடுங்கள்.

மாணவர்கள் போன பிறகு டீச்சருக்குப் போன் செய்து அந்த நோட்டைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் வரச் சொன்னார். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, மாணவர்களும் நானும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். தொகுத்தவர் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று இந்தத் தடவை கேட்டேன். பயனர் பெயர் மட்டும் போதும் என்றார். "துதிக்கை எழுத்துப் பக்கத்துல இன்னும் ரெண்டு சேக்கணும், அது முடியட்டும், அப்புறம் போடலாம்" என்றார்.