வேளாண் இயந்திரம் படிக்கப் போகிறீர்களா? கொழும்பிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

உயர்தரம் முடித்த பிள்ளை டிராக்டர் படிக்கப் போகிறேன் என்றால் வெள்ளவத்தையில் அக்கம்பக்கம் ஒரு மாதிரித்தான் பார்க்கும். பார்க்கட்டும். அக்கா மகனுக்காக அலைந்ததில் எனக்குத் தெளிந்த வழி இது. பல்கலைக்கழக அனுமதியை முடிவு செய்யும் உயர்தர இசட் புள்ளியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதிலிருந்தெல்லாம் தொடங்கப் போவதில்லை.

படி 1: வாசலைத் தெரிவு செய்யுங்கள்

உயிரியல் பிரிவினருக்கு விவசாய பீடங்கள்: பேராதனை, கிளிநொச்சியில் இயங்கும் யாழ். பல்கலைக்கழக பீடம், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம். தொழில்நுட்பப் பிரிவினருக்கு உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் பட்டம். இசட் புள்ளி காலை வாரிவிட்டால் நாவலையில் திறந்த பல்கலைக்கழகம்; அங்கே விவசாய, பெருந்தோட்டப் பொறியியலுக்குத் தனித் துறையே உண்டு. கட்டணம் கட்ட வேண்டும். ஸ்பானர் பிடிக்கத்தான் ஆசை என்றால் என்.வி.கியூ எனும் தேசிய தொழில் தகைமை, அதில் 5, 6ஆம் மட்டங்கள் டிப்ளோமாக்கள்.

படி 2: பெயர்ப்பலகையை நம்பாதீர்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். விவசாயப் பொறியியல் துறை என்ற பெயருக்குள் நீர்ப்பாசனம், மண் பாதுகாப்பு, அறுவடைக்குப் பிந்திய தொழில்நுட்பம் எல்லாம் குடியிருக்கின்றன. விவசாயப் பட்டத்தின் நான்கு ஆண்டுகளில் பயிர், மண், கால்நடை, பொருளியல் எல்லாம் வரும். இயந்திரத்துக்கு அதில் ஒரு பங்குதான். ஆகவே பாட அலகுப் பட்டியலை அச்செடுங்கள். கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்ப்பது உதவாது. பண்ணை வலு, எஞ்சின், உழவுக் கருவி, அறுவடை இயந்திரம் என்று வருபவற்றுக்குச் சிவப்புக் கோடு. ஒவ்வொன்றுக்கும் செயன்முறை மணித்தியாலம் எவ்வளவு என்று ஓரத்தில் எழுதுங்கள். சிவப்பு எங்கே கூடுகிறதோ அங்கேதான் உங்கள் படிப்பு.

படி 3: வெட்டுப்புள்ளிப் பட்டியலில் கொழும்பு வரிசையைப் பாருங்கள்

வெட்டுப்புள்ளி என்பது அனுமதிக்குத் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளி; அது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பெரும்பாலான துறைகளில் இடங்கள் பிரிவது இப்படி: 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்கள். கிளிநொச்சியில் இருக்கும் மாமா மகனுக்குக் கிடைத்த வெட்டுப்புள்ளி உங்களுக்குப் பொருந்தாது.

படி 4: பட்டறைக்குப் போங்கள்

விருந்தினருக்குக் காட்டும் பளபள டிராக்டரை விடுங்கள். கியர்பெட்டி திறந்த ஒரு லேண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) கிடக்கிறதா, பக்கத்தில் கழற்றிய போல்ட்டுகள் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். மாணவரின் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தால் இன்னும் நல்லது.

பின்சேர்க்கை: தனியார் நிறுவனமொன்றில் பணம் கட்டிய பிறகு ஒருவர் எழுதியிருந்தார். நிறுவனம் பதிவு பெற்றதுதான், ஆனால் அவர் சேர்ந்த பாடநெறிக்கு என்.வி.கியூ அங்கீகாரம் இல்லை. இரண்டும் வேறு வேறு. இரண்டையும் கவனிக்கும் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு நாரஹேன்பிட்டியில்தான் இருக்கிறது. பஸ் ஏறிப் போய்ப் பாடநெறியின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பயிற்சி மொழி தமிழா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். பட்டப்படிப்பு என்றால் ஆங்கிலம்தான், அதில் பேரம் கிடையாது.