மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறீர்களா? மின்சாதனங்களை முதலில் கவனியுங்கள்

மெயினை அணைத்துவிட்டுப் போனால் போதும் என்பார்கள். ஒரு வாரத்துக்கு அது சரி. ஆறு மாதம் என்றால் போதாது. சும்மா கிடப்பதாலேயே கெடுபவை உண்டு, அதில் முதலிடம் பேட்டரிக்கு. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

படி 1: லித்தியம் பேட்டரிகள்

லேப்டாப், பழைய போன், டேப்லெட், கேமரா எல்லாவற்றையும் பாதி அளவு, அதாவது 50% வாக்கில் நிறுத்தி, முழுவதுமாக அணைத்து வையுங்கள். ஸ்லீப்பில் விடக் கூடாது. 100 சதவீதத்தில் கிடந்தால், அதுவும் வெயில் படும் அறையில், பேட்டரி சீக்கிரம் மூப்படையும். காலியாகக் கிடந்தால் மின்னழுத்தம் மேலும் இறங்கி, திரும்ப சார்ஜே ஏறாமல் போகலாம். ஆறு மாதத்தைத் தாண்டும் என்றால் இடையில் யாராவது வந்து மறுபடி பாதிக்கு ஏற்றிவைப்பது நல்லது.

படி 2: இன்வெர்ட்டர்

என்னை அதிகம் குழப்பியது இதுதான். இன்வெர்ட்டரின் லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரிக்கு விதி நேர் எதிர்: முழு சார்ஜில்தான் விட வேண்டும். சார்ஜ் இறங்கிக் கிடந்தால் தகடுகளில் லெட் சல்பேட் இறுகிப்போய் கொள்ளளவு குறைந்துவிடும்.

இன்னொன்று. இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது மெயினை மட்டும் அணைத்தால், கரண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு அது பேட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். பேட்டரி காலியாகும்வரை நிறுத்தாது. அதனால் வரிசை முக்கியம். முழு சார்ஜ் ஏற்றுங்கள், டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பாருங்கள், இன்வெர்ட்டரை அணையுங்கள், அதன் பிளக்கையும் பிடுங்குங்கள், பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டால் பெரும் தீப்பொறி பறக்கும்.

இன்வெர்ட்டரில் எரியும் பச்சை விளக்கை நான் நம்புவதில்லை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒயரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12 வோல்ட் பேட்டரி 12.6 அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும். அதுவும் தானாக மெல்ல இறங்கும் என்பதால், சில மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்ற ஆள் இருந்தால் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

படி 3: சின்ன செல்கள்

ரிமோட், சுவர்க் கடிகாரம், டார்ச். செல்லைக் கழற்றி வெளியே வையுங்கள். அல்கலைன் செல் கசிந்தால் உள்ளே இருக்கும் தகடுகளை அரித்துவிடும்.

படி 4: ஃபிரிட்ஜ்

காலி செய்து, ஐஸ் முழுக்க உருகவிட்டு, ரப்பர் மடிப்புவரை உலரத் துடையுங்கள். கதவை மூடாதீர்கள். மடித்த துணி ஒன்றைச் செருகித் திறந்தே விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வாஷிங் மெஷினுக்கும் இதே முறைதான், கூடவே தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள்.

படி 5: பிளக்குகள்

சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பிளக்கைப் பிடுங்குங்கள். மின்னல் மின்சார ஒயர் வழியாக மட்டும் வருவதில்லை. ஆன்டெனா, கேபிள், இன்டர்நெட் ஒயர் எல்லாமே அதற்கு வழிதான், அவற்றையும் கழற்றுங்கள். கண்காணிப்பு கேமரா ஓட வேண்டுமென்றால் மெயினை அணைக்க முடியாது. அதற்கும் ரவுட்டருக்கும் உரிய எம்சிபியை (மெயின் பெட்டியில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக உள்ள சுவிட்ச்) மட்டும் விட்டு மற்றதை இறக்குங்கள்.

பின்சேர்க்கை: பிரிண்டர் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இங்க்ஜெட் என்றால் அதன் சொந்த பட்டனில் அணைத்து, சத்தம் அடங்கிய பிறகே பிளக்கை எடுங்கள். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். நடுவழியில் நின்றால் மை காய்ந்து துளை அடைத்துக்கொள்ளும். ஓஎல்இடி டிவியும் ஏறக்குறைய அப்படித்தான். ரிமோட்டில் அணைத்த பிறகு திரையைச் சரிசெய்யும் வேலை ஒன்று உள்ளே ஓடும், அதற்கு நேரம் கொடுத்துவிட்டுப் பிளக்கை எடுங்கள்.