லீன் சோதனைக் கோப்புகளில் வீணாகும் அவுட்புட்டைப் பிடித்து வையுங்கள்

லீன் 4 (நிரல் எழுதவும் கணித நிரூபணங்களைச் சரிபார்க்கவும் உதவும் மொழி) சோதனைக் கோப்பில் வெறுமனே #இவால் (#eval, மதிப்பைக் கணக்கிட்டுக் காட்டும்), #செக் (#check, வகையைக் காட்டும்) என்று விட்டுவிடாமல், ஒவ்வொன்றுக்கும் முன்னால் #கார்டு_எம்எஸ்ஜிஎஸ் இன் (#guard_msgs in) என்ற கட்டளையைச் சேர்த்து, வரவேண்டிய செய்தியை அதற்கு மேலே டாக் கமெண்டாக (/-- … -/ குறிகளுக்குள்) எழுதி வையுங்கள்.

பில்ட் பொதுவாகத் தோற்பது எரர் வந்தால்தான். நேற்று 4 என்று காட்டிய #இவால் இன்று 5 என்று காட்டினாலும் அது வெறும் தகவல் செய்திதான். பில்ட் பச்சையாகவே முடியும், அந்த லாகை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? #கார்டு_எம்எஸ்ஜிஎஸ் கட்டளையோ வரும் செய்தியை நீங்கள் எழுதி வைத்ததோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், இல்லையென்றால் எரர். டாக்டிக் (நிரூபணத்தை நகர்த்தும் கட்டளை) ஒன்று சரியான எரர் செய்தியோடு தோற்கிறதா என்பதையும் இப்படியே சோதிக்கலாம். எனக்கு அதிகம் உதவுவது இதுதான்.

எதிர்பார்க்கும் செய்தியைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். கமெண்ட் இல்லாமல் ஓட்டிவிட்டு, எடிட்டரில் வரும் பல்பு ஐகானைச் சொடுக்கினால் அதுவே நிரப்பிக்கொடுக்கும். நிரப்பியதை ஒருமுறை படித்துப் பாருங்கள், தப்பான விடையையும் அது அப்படியே பதிந்துவிடும்.

ஓடிய நேரம், ?எம்.123 மாதிரி தானாக உருவாகும் பெயர்கள் வரும் இடங்களில் இது சரிப்படாது; காரணமே இல்லாமல் அடிக்கடி உடையும்.