வாழைத்தடி போட்டதும் பால் கொழுப்பு இறங்கியது: என் அனுபவம்

குமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டில் இரண்டு ஜெர்சி கலப்பினப் பசுக்கள் நிற்கின்றன. கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுப்பில் மழை பிடித்துக்கொண்டால் வைக்கோல் வயலிலேயே பூசணம் பூத்துவிடும். போன ஐப்பசியிலும் அப்படித்தான். சரி, குலை வெட்டிய ஏத்தன் (நேந்திரன்) வாழைத்தடி சும்மாதானே கிடக்கிறது என்று அதையே நறுக்கிப் போட்டேன். ஆசையாகத் தின்றன. பத்தே நாளில் சாணம் தண்ணீராகப் போனது. பாலில் கொழுப்பு 4 சதவீதத்திலிருந்து 3.2-க்கு இறங்கியது. மனசு கேட்கவில்லை.

காரணம் தடியிலேயே இருந்தது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். 20 கிலோ போட்டாலும் தண்ணீர் போக உலர்தீனி 2 கிலோகூடத் தேறாது. வயிறு நிறையும், ஆனால் அசைபோட நார் போதாது. அசை குறைந்தால் உமிழ்நீர் குறையும், வயிற்றில் புளிப்பு ஏறும், கொழுப்பு இறங்கும்.

தோவாளைப் பக்கத்திலிருந்து பழைய கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) வைக்கோல் வாங்கினேன். பசுவுக்கு நாளுக்கு 5 கிலோ வைக்கோல். வாழைத்தடியைப் பொடியாக நறுக்கி, ஒரு நாள் வாடவிட்டு, 10 கிலோவுக்கு மேல் போகாமல் அதோடு கலந்தேன். புல்லும் தவிடும் வழக்கம்போல. நாலாம் நாள் சாணம் இறுகியது. கொழுப்பு பழைய அளவுக்கு வர மூன்று வாரம் ஆனது.

மரச்சீனி (மரவள்ளி) இலையை மட்டும் பச்சையாகப் போடவே கூடாது, அதில் சயனைடு உண்டு. நான் வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான், அதுவும் கொஞ்சமாகத்தான் கொடுக்கிறேன். இந்த மாசியில் கும்பப்பூ வைக்கோலை முன்கூட்டியே வாங்கி, தரையில் படாமல் பரண் கட்டி அடுக்கிவிட்டேன்.