மொரீஷியஸ் அரசமைப்பைப் படிக்கும் முறை: இராமநாதபுரம் கரையோர மாணவர்களுக்கு

இராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ இருந்து ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டம் படிக்கும் மாணவர், ஆப்பிரிக்கக் குடியரசு ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், மொரீஷியஸை எடுத்துக்கொள்வது நல்லது. 1968 மார்ச் 12 அன்று விடுதலை பெற்று 1992இல் அதே நாளில் குடியரசான அந்நாட்டின் ரூபாய்த் தாள்களில் தமிழும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிந்த செய்தி. ஆனால் நான் அதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் அதுவன்று. அதன் அரசமைப்பு அளவில் சிறியது. நம்முடையதைப் போலவே நாடாளுமன்ற முறையைக் கொண்டது. ஆகவே வேறுபடும் இடங்கள் சட்டென்று கண்ணில் படும்.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். முதலில் 111ஆம் பிரிவைத் திறந்து, ‘மொரீஷியஸ்’ என்பதற்குத் தரப்பட்டுள்ள வரையறையைப் பாருங்கள். ரொட்ரிகஸ், அகலேகா, துரோமலின், கார்காதோஸ் கராஹோஸ், தியேகோ கார்சியா உள்ளிட்ட சாகோஸ் தீவுக்கூட்டம் என்று தீவுகளைப் பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது அது. விடுதலைக்கு முன்பே, 1965இல், பிரிட்டன் சாகோஸைப் பிரித்தெடுத்துக்கொண்டது. அப்பிரிப்பால் காலனிய நீக்கம் சட்டப்படி நிறைவடையவில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2019இல் கருத்துரை வழங்கியது. 1974 ஒப்பந்தத்தையும் கச்சத்தீவையும் பற்றிக் கேட்டு வளர்ந்த இராமேசுவரத்துக்காரருக்கு, இப்படியொரு பட்டியலை அரசமைப்பிலேயே எழுதி வைப்பதன் கனம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, பேரவைக்கு, அதாவது நாடாளுமன்றத்துக்கு, உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்வதும் பலரும் கடைசிக்குத் தள்ளிவிடுவதுமான முதல் அட்டவணைக்கு வாருங்கள். பெரும்பான்மை நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். மொரீஷியஸ் தீவில் 20 தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்பினர்கள். வாக்காளரும் மூன்று பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரொட்ரிகஸுக்கு இரண்டு இடங்கள். ஆக 62. இவற்றுக்கு மேல், ‘பெஸ்ட் லூசர்’ என்று வழங்கும் முறையில், தோற்ற வேட்பாளர்களிலிருந்து எட்டுப் பேர் வரை உறுப்பினராக்கப்படலாம். இந்து, முஸ்லிம், சீன-மொரீஷியர் என மூன்று சமூகங்களைக் குறிப்பிடும் அட்டவணை, தம் வாழ்க்கை முறையால் இம்மூன்றிலும் சேராதவராகத் தோன்றும் அனைவரையும் ‘பொது மக்கள்’ என்ற நான்காம் சமூகமாகக் கொள்கிறது. தமிழர் என்று தனிச் சமூகம் அதில் இல்லை.

கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஒரு சமூகத்தின் மக்கள்தொகையை, பேரவையில் அதற்குள்ள இடங்களோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். எந்தச் சமூகத்துக்கு விடை மிக அதிகமோ அதற்கே அடுத்த இடம். முதல் நான்கு இடங்கள் கட்சி பாராமல் சமூகச் சமநிலைக்கும், அடுத்த நான்கு அதனால் குலைந்த கட்சிச் சமநிலையை மீட்பதற்கும் உரியவை. இதற்குக் கொள்ளப்படும் மக்கள்தொகை 1972ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பினுடையது என்பதே இம்முறையின் மிகப் பலவீனமான இடம் என்பது என் கருத்து. நம் மாவட்டத்தின் பரமக்குடி தனித்தொகுதியோடு இதை ஒப்பிட்டுக் குறிப்பெழுதுங்கள்: அங்கே யார் போட்டியிடலாம் என்பது வாக்குப்பதிவுக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது, மொரீஷியஸில் வாக்கு எண்ணி முடித்த பின்னரே சமன்செய்தல் தொடங்குகிறது.

குடியரசுத் தலைவர், பிரதமர் பற்றிய பிரிவுகளை விரைவாகக் கடக்கலாம். தலைவரைப் பிரதமரின் தீர்மானத்தின்மேல் பேரவையே ஐந்தாண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறது என்பதையும், நம் நாட்டைப்போல் மாநிலச் சட்டமன்றங்களுக்கு அதில் பங்கில்லை என்பதையும் குறித்துக்கொண்டால் போதும்.

பின்னர் 47ஆம் பிரிவையும் 1ஆம் பிரிவையும் அருகருகே வைத்துப் படியுங்கள். சாதாரணத் திருத்தத்துக்கு மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். குறிப்பிட்ட சில பகுதிகளுக்கு நான்கில் மூன்று பங்கு. நாட்டை ‘இறையாண்மையுள்ள சனநாயக அரசு’ என்னும் 1ஆம் பிரிவைத் தொட வேண்டுமானால், வாக்காளரில் நான்கில் மூன்று பங்கினர் பொதுவாக்கெடுப்பில் ஒப்ப வேண்டும். அதன் பிறகு பேரவை உறுப்பினர் அனைவரும் ஆதரிக்க வேண்டும். இது வெறும் அலங்காரப் பூட்டு என்று எண்ணினால், 2006ஆம் ஆண்டின் கொய்ராட்டி வழக்கைத் தேடிப் படியுங்கள். சில குற்றங்களில் பிணை வழங்கும் அதிகாரத்தை நீதிமன்றங்களிடமிருந்து பறித்த அரசமைப்புத் திருத்தம், அதிகாரப் பிரிவினையைக் குலைத்து ‘சனநாயக அரசு’ என்பதற்கே முரணாகிறது, ஆகவே அந்தக் கடும் நடைமுறையின்றி அது செல்லாது என்று முடிவாயிற்று. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்ற நம் உச்ச நீதிமன்றத்தின் 1973ஆம் ஆண்டுக் கேசவானந்த பாரதி தீர்ப்பை அறிந்தவர் இரண்டின் தருக்கத்தையும் ஒப்பிட்டு நல்ல கட்டுரை எழுதலாம். கேசவானந்த பாரதி எழுதப்படாத அடிப்படைக் கட்டமைப்பையும் கொய்ராட்டி எழுதப்பட்ட ஒரு பிரிவையும் பற்றுக்கோடாகக் கொள்கின்றன என்ற வேறுபாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கொய்ராட்டி தீர்ப்பை வழங்கியது, பிரிட்டனின் பழைய காலனி நாடுகள் சிலவற்றுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில். நாம் 1949இலேயே விட்டொழித்த அந்த மேல்முறையீட்டை, 81ஆம் பிரிவின்படி மொரீஷியஸ் இன்னும் வைத்திருக்கிறது. எனவே தீர்ப்புகளைத் திரட்டும்போது போர்ட் லூயி உச்ச நீதிமன்றத்தோடு நிறுத்தாமல், வழக்கு இலண்டனுக்குப் போனதா என்பதையும் பார்த்த பிறகே மேற்கோள் காட்டுங்கள்.