ஊரிலிருந்து கேமரா பதிவு ஜிப்பில் வந்தால் அன்றைக்கே பிரித்துப் பாருங்கள்

ஜெர்மனி வந்து இறங்கியதும் ஆன்மெல்டுங் (முகவரிப் பதிவு), வங்கிக் கணக்கு, காப்பீடு என்று ஓடுவீர்கள். அதையெல்லாம் சொல்லித்தர ஆள் நிறைய. நான் சொல்ல வந்தது ஊரில் விட்டுவந்த வீட்டைப் பற்றி. அப்பா அம்மா தனியாக இருப்பார்களே என்று 4 கேமரா மாட்டிவிட்டு, ஆப்பைச் செல்போனில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். நானும் அப்படித்தான். கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பு. வாசலுக்கு இரண்டு, களத்துக்கு ஒன்று, போர் மோட்டாருக்கு ஒன்று.

போன ஜூனில், பெங்களூரா மாங்காய் பறிக்கும் சமயம், ராத்திரியோடு ராத்திரியாக மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செம்புக்காகத்தான். "போனது போகட்டும் கண்ணு, நீ வேலையைப் பாரு" என்றார் அப்பா. எனக்கு மனசு கேட்கவில்லை. சித்தப்பா பையனிடம் சொல்லி அந்த இரவின் பதிவை எடுக்கவைத்தேன். பெரிய ஃபைல் என்று அவன் அதை ஜிப் போட்டு, அதாவது சுருக்கி ஒரே பொட்டலமாகக் கட்டி, 001, 002, 003 என மூன்று துண்டாக்கி அனுப்பினான். மூன்றும் இறங்கிவிட்டன, 'திருட்டு' என்று ஒரு ஃபோல்டரில் போட்டேன், அலுவலக வேலையில் மூழ்கிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து போலீஸ் ஸ்டேஷனில் பதிவைக் கேட்டார்கள். திறந்தால் திறக்கவே மாட்டேன் என்றது. உற்றுப் பார்த்தால் ஒரு 001, ஒரு 003, இன்னொரு 001. தம்பி அவசரத்தில் முதல் துண்டையே இரண்டு தடவை ஏற்றியிருக்கிறான். நான் எண்ணிக்கையைப் பார்த்தேனே தவிர எண்ணைப் பார்க்கவில்லை. துண்டாக்கியது அவன் நண்பனின் லேப்டாப்பில். இடம் போதவில்லை என்று அங்கே அழித்தாயிற்று. சரி, கேமராப் பதிவு சேரும் டிவிஆர் பெட்டியில் இருக்குமே என்றால் அதுவும் போச்சு. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எழுதினால் நாளைக்கு 21 ஜிபிக்கு மேல். நாலு கேமராவுக்கு 1 டிபி டிஸ்க் 11, 12 நாள்தான் தாங்கும். அப்புறம் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும்.

ஆகவே, துண்டுகள் வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப் மென்பொருளைப் போட்டு, 001-ஐ மட்டும் ரைட் கிளிக் செய்து பிரியுங்கள்; மற்றவற்றை அதுவே எடுத்துக்கொள்ளும். சாதாரண ஜிப் என்றால் விண்டோஸே போதும். இங்கே வாங்கிய லேப்டாப்பில் 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' என்று தேடாதீர்கள், 'ஆலே எக்ஸ்ட்ராஹீரன்' என்று இருக்கும். நான் அரை மணி நேரம் தேடினேன். டபுள் கிளிக் செய்து ஜிப்புக்குள்ளேயே பார்ப்பது பிரித்ததாகாது. டிவிஆரோடு வரும் பிளேயர் பெரும்பாலும் அப்படி ஓடாது. பிரித்த பிறகு தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். வந்த ஜிப்பை அழிக்காதீர்கள்.

இன்னொன்று, வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். ஜிப் போட்டாலும் அளவு குறையாது. வேண்டிய அரை மணி நேரத்தை மட்டும் எடுத்து அப்படியே அனுப்பச் சொன்னால் இந்தத் துண்டு வம்பே இல்லை.

ஃபோல்டர் பெயரில் வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் எழுதுங்கள், தானாக அடுக்கிக்கொள்ளும். நேரத்துக்குப் படத்தின் மூலையில் ஓடும் கடிகாரத்தையே நம்புங்கள். ஊரில் ராத்திரி 2 மணி என்றால் கோடையில் இங்கே முந்தின நாள் இரவு 10:30, குளிர்காலத்தில் 9:30. ஸ்டேஷனுக்குச் சொல்லும்போது ஊர் நேரத்தையே சொல்லுங்கள்.

அப்பா இப்போது கேமராவை நம்புவதில்லை. மோட்டார் பக்கத்தில் கட்டிலைப் போட்டுப் படுக்கிறார். நாலாவது கேமராவில் தினமும் அவர் போர்வைதான் தெரிகிறது.